மத்திய கல்லூரி மைதானத்தில் இருந்து ஹைதராபாத் வரை: வியாஸ்காந்தின் ஆரம்ப ஆண்டுகள்

2024ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி இரவு. லண்டனில் இருக்கும் என் பாடசாலை நண்பன் தொலைபேசி எடுத்தான். நலம் விசாரிக்கவில்லை. "மச்சான், ரீவியைப் போடு. எங்கட பெடியன் பந்து போடப் போறான்" என்று மட்டும் சொன்னான்.

ஹைதராபாத் ராஜீவ் காந்தி மைதானத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியும் லக்னோ சுப்பர் ஜயன்ட்ஸ் அணியும் விளையாடிக்கொண்டிருந்தன. செம்மஞ்சள் நிறச் சீருடையில் பந்தைக் கையில் சுழற்றியபடி நின்றவர் விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர். அப்போது வயது 22. இண்டியன் பிரீமியர் லீக்கில் அது அவரது முதற்போட்டி.

அன்று 4 ஓவர்கள் வீசி 27 ஓட்டங்களைக் கொடுத்தார். விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை. அந்த இரவில் பேசப்பட்டதெல்லாம் ட்ராவிஸ் ஹெட்டும் அபிஷேக் ஷர்மாவும்தான். 166 என்ற இலக்கை விக்கெட் இழப்பின்றி 9.4 ஓவர்களிலேயே எட்டிவிட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் அந்த 24 பந்துகளைப் பற்றித்தான் இரண்டு நாட்களாகக் கதைத்தோம்.

ஒரு விளையாட்டு வீரரின் ஆரம்ப காலத்தை எழுதுவதென்றால் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் வரிசைப்படுத்தினால் போதும். வியாஸ்காந்தின் விடயத்தில் அது போதாது. அவர் எந்த மண்ணில் இருந்து, எந்தக் காலத்தில் வந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு இரண்டரை மாதங்கள் முன்பு

வியாஸ்காந்த் பிறந்தது 2001 டிசெம்பர் 5ஆம் திகதி. அதற்கு இரண்டரை மாதங்களின் பின்னர், 2002 பெப்ரவரி 22ஆம் திகதி, போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏ9 பாதை திறந்தது. பல வருடங்கள் காணாத உறவுகளைக் காண எமது சனம் முகமாலையூடாகப் போய்வரத் தொடங்கிய காலம் அது. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டபோது அவருக்கு நான்கு வயது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது ஏழு வயது.

அதாவது கிரிக்கெட் பந்தைக் கையில் எடுக்கும் வயதை அவர் எட்டியது போர் ஓய்ந்த பிறகு. இந்த ஒரு விடயம் முக்கியமானது. அவருக்கு முந்திய இரண்டு தலைமுறைகளுக்கு அது கிடைக்கவில்லை.

நான் அந்த முந்திய தலைமுறையைச் சேர்ந்தவன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தில் இருந்து வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் எங்கள் குடும்பமும் ஒன்று. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தபோது சாவகச்சேரியில் இடம்பெயர்ந்து இருந்தோம். மின்சாரம் இல்லை. பற்றரி கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை வானொலியோடு பொருத்தி, முறைவைத்துப் பெடலைச் சுற்றிச் சுற்றித்தான் அந்தப் போட்டியைக் கேட்டோம். கை களைத்தால் குரல் மங்கிவிடும். அரவிந்த டி சில்வா அடித்த சதத்தில் பாதியை அப்படி விட்டுவிட்டுத்தான் கேட்டோம். முரளிதரனின் பெயர் வரும்போது மட்டும் சுற்றுபவன் வேகத்தைக் கூட்டுவான்.

எம்மை ஊரைவிட்டுத் துரத்திய அரசின் அணி வென்றதற்கு மகிழ்வதா என்ற கேள்வி அன்றே எங்களுக்குள் இருந்தது. அதற்கு அந்த இரவில் பதில் கிடைக்கவில்லை. இன்றுவரை பலருக்குக் கிடைக்கவில்லை.

மைதானமும் விரிப்பும்

யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் போருக்குப் பின் வந்த விளையாட்டு அல்ல. 1816இல் தொடங்கிய மத்திய கல்லூரியும் 1823இல் தொடங்கிய சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904ஆம் ஆண்டில் இருந்து மோதி வருகின்றன. 'வடக்கின் பெருஞ்சமர்' என்று அழைக்கப்படும் அந்தப் போட்டி மார்ச் மாதத்தில் வரும். சென். பற்றிக்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் 'பொன்னணிகளின் போர்', யாழ். இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதும் 'இந்துக்களின் போர்' என்று வரிசையாக இருக்கின்றன. நிஜமான போர் நடந்த ஊரில் விளையாட்டுக்கு எல்லாம் போர், சமர் என்று பெயர் வைத்திருக்கிறோமே என்று வெளியூரில் இருந்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தப் பெயர்கள் எங்களுக்கு விளையாட்டை மட்டுமே நினைவூட்டும் நாள் வரவேண்டும் என்றுதான் பதில் சொன்னேன்.

மத்திய கல்லூரி இருக்கும் இடத்தை வாசகர்கள் பலரும் அறிவார்கள். ஒருபுறம் கோட்டை. அருகே துரையப்பா விளையாட்டரங்கு. 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகமும் அதே சூழலில்தான். கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைகளில் அந்தப் பகுதி முழுவதும் சிதைந்து கிடந்தது. அந்த மைதானத்தில் மீண்டும் பிள்ளைகள் ஓடி விளையாடுவதே ஒரு காலத்தில் பெரிய செய்தி. அங்கிருந்து ஒரு தொழில்முறை வீரர் வருவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

எதிர்பார்க்காததற்குக் காரணம் திறமையின்மை அல்ல. வடக்கின் பாடசாலை மைதானங்களில் பெரும்பாலும் விரிப்பு ஆடுகளமே இருந்தது. சீமெந்துத் தரையிலோ இறுக்கிய மண்ணிலோ கயிற்று விரிப்பை இழுத்துக் கட்டி ஆணியடித்து விளையாடுவது. கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் பெரிய பாடசாலைப் பிள்ளைகள் சிறுவயதிலேயே புற்றரை ஆடுகளத்தில் பழகிவிடுகிறார்கள். விரிப்பில் பந்து ஒரே சீராக எழும்பும். புற்றரையில் அப்படியல்ல. காலையில் ஈரம் இருக்கும், பிற்பகலில் காயும், மூன்றாம் நாள் வெடிக்கும். விரிப்பில் சதம் அடித்த பிள்ளை கொழும்பில் ஒரு தெரிவுப் போட்டிக்குப் போய் முதல் அரைமணி நேரத்திலேயே தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த அரைமணி நேரத்தை வைத்துத்தான் 'வடக்கில் ஆள் இல்லை' என்ற முடிவும் எடுக்கப்பட்டது.

ஹம்பாந்தோட்டையில் ஒரு டிசெம்பர்

2020இல் லங்கா பிரீமியர் லீக் முதன்முறையாக நடந்தது. ஐந்து அணிகளில் ஒன்றின் பெயர் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ். வடக்கைச் சேர்ந்த வேறு சில இளைஞர்களோடு வியாஸ்காந்தும் குழாமில் சேர்க்கப்பட்டார். கொரோனாக் காலம் என்பதால் எல்லாப் போட்டிகளும் ஹம்பாந்தோட்டை சூரியவெவ மைதானத்தில் பார்வையாளர் இல்லாமல் நடந்தன. அந்த மைதானத்தின் பெயர் மகிந்த ராஜபக்ச சர்வதேச மைதானம். யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணிக்கு அமைந்த முதற்களம் அது.

டிசெம்பர் 4ஆம் திகதி, கொழும்பு கிங்ஸ் அணிக்கு எதிராக வியாஸ்காந்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. மறுநாள்தான் அவருக்கு 19 வயது நிறைந்தது. அன்று அவர் வீழ்த்திய விக்கெட் அஞ்சலோ மத்யூஸுடையது. இலங்கை அணியின் முன்னாள் தலைவர். பாடசாலைப் போட்டிகளுக்கு அப்பால் பெரிய மேடை எதுவும் கண்டிராத ஒருவர் முதல் நாளிலேயே அந்தப் பெயரை வீழ்த்தினார் என்ற செய்தி அன்றிரவே கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று எங்கும் போய்விட்டது.

அந்த ஆண்டு திசர பெரேரா தலைமையிலான ஸ்டாலியன்ஸ் அணி, டிசெம்பர் 16ஆம் திகதி நடந்த இறுதிப் போட்டியில் காலி அணியை வென்று கிண்ணத்தை எடுத்தது. பிறகு ஜஃப்னா கிங்ஸ் என்று பெயர் மாறி 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. ஐந்து தொடர்களில் நான்கு கிண்ணங்கள். ஆனால் அந்த ஐந்து தொடர்களில் ஒரு போட்டிகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. அணியில் விளையாடிய யாழ்ப்பாணத்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் தேவைக்கு அதிகம். பெயர் எங்களுடையது, மைதானம் வேறிடம் என்ற நிலையில், அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தவர் வியாஸ்காந்த்.

மணிக்கட்டில் இருக்கும் வேலை

அவர் வலக்கை லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். இந்தக் கலையைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால்தான் அவருக்கு ஏன் வெளிநாடுகளில் கேள்வி எழுந்தது என்று புரியும்.

ஓஃப் ஸ்பின் பந்துவீச்சில் விரல்கள் பந்தைச் சுழற்றும். லெக் ஸ்பின்னில் மணிக்கட்டுச் சுழற்ற வேண்டும். வலக்கைத் துடுப்பாட்ட வீரருக்குப் பந்து நிலத்தில் பட்டு வெளியே திரும்பும். அதே கையசைவில், மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் மடக்கி வீசினால் பந்து எதிர்ப்புறமாக உள்ளே வரும். அதுதான் கூக்ளி. இரண்டும் வெளியில் இருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். துடுப்பாட்ட வீரர் கையைப் படிக்கத் தவறினால் அவ்வளவுதான்.

விரல் சுழலைவிட இதைக் கட்டுப்படுத்துவது கடினம். கொஞ்சம் குறுகினாலும் கொஞ்சம் நீண்டாலும் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும். ஆகவே பாடசாலைகளில் பயிற்றுநர்கள் பலர் லெக் ஸ்பின் போடும் சிறுவனைப் பார்த்ததும் "ஓட்டம் போகும், ஓஃப் ஸ்பின்னுக்கு மாறு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த வயதில் மாறாமல் இருப்பதற்கே ஒரு பிடிவாதம் வேண்டும். 20 ஓவர் போட்டிகள் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. ஒவ்வொரு பந்தையும் அடிக்க நினைக்கும் துடுப்பாட்ட வீரருக்கு முன், இரு பக்கமும் திருப்பத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு அதிகம். ரஷீத் கான், வனிந்து ஹசரங்க போன்றோர் உலகெங்கும் தேடப்படுவதன் காரணமும் இதுவே.

வியாஸ்காந்தின் பலம் பெரிய சுழற்சி அல்ல. பந்தைக் கொஞ்சம் வேகமாக, விக்கெட்டுக்கு நேரே, அளவு தவறாமல் வீசுவது. அடிக்க இடம் கொடுக்காமல் வீசுபவர் என்பதால்தான் ஹைதராபாத் ஆடுகளத்தில், நிக்கொலஸ் பூரன் போன்றோர் நின்ற நேரத்தில், ஓவருக்கு ஏழு ஓட்டங்களுக்குள் முடித்துக்கொண்டார்.

வெளிநாட்டுக் கதவுகள்

2023இல் பங்களாதேஷ் பிரீமியர் லீக்கில் சட்டோகிராம் சலஞ்சர்ஸ் அணி அவரை எடுத்தது. 2024 தொடக்கத்தில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் ஐ.எல்.ரி.20 தொடரில் எம்.ஐ. எமிரேட்ஸ் அணிக்காக 4 போட்டிகளில் 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்தத் தொடரின் கிண்ணமும் அந்த அணிக்கே போனது.

அதே வருடம் சன்ரைசர்ஸ் அணி ஒன்றரைக் கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியிருந்த ஹசரங்க குதிக்கால் காயத்தால் விலக நேர்ந்தது. ஏப்ரல் மாதத்தில் அவரது இடத்துக்கு 50 இலட்சம் ரூபாவுக்கு வியாஸ்காந்த் ஒப்பந்தமானார். அப்போது அவர் விளையாடியிருந்த 20 ஓவர் போட்டிகள் 33 மட்டுமே. எடுத்திருந்த விக்கெட்டுகள் 42.

அந்த அணியில் சுழற்பந்துப் பயிற்றுநர் முத்தையா முரளிதரன். தலைமைப் பயிற்றுநர் டானியல் வெட்டோரி, அவரும் சுழற்பந்துவீச்சாளர். சக வீரராக சேலம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன். ரெனிஸ் பந்தில் தொடங்கி இந்திய அணிவரை போனவர். ஓர் இளம் தமிழ் பந்துவீச்சாளருக்கு இதைவிடப் பொருத்தமான ஓய்வறை அமைந்திருக்க முடியாது.

மே 19ஆம் திகதி பஞ்சாப் கிங்ஸ் அணிக்கு எதிராக, 71 ஓட்டங்களோடு நின்ற பிரப்சிம்ரன் சிங்கை ஆட்டமிழக்கச் செய்து முதல் ஐ.பி.எல். விக்கெட்டைப் பெற்றார். இரண்டு நாட்களின் பின் அஹமதாபாத்தில் கொல்கத்தாவுக்கு எதிரான தகுதிப் போட்டியில் சன்ரைசர்ஸ் 126 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை இழந்து நின்றபோது, கடைசி ஆளாக வந்து அணித்தலைவர் பட் கமின்ஸோடு நின்றுபிடித்தார். எண்ணிக்கை 159 வரை போனது. போட்டி தோல்விதான். ஆனாலும் பந்து வீசுவதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்காத ஒருவரை அங்கே கண்டோம். பின்னர் சென்னையில் நடந்த இறுதிப் போட்டியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதுவும் தொழில்முறை வாழ்க்கையின் ஒரு பகுதி.

சிங்கச் சின்னமும் என் நண்பனும்

இனி, பலர் பேசத் தயங்கும் விடயம்.

2023 ஒக்டோபர் 4ஆம் திகதி, சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு விழாவின் காலிறுதியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இலங்கை அணி விளையாடியது. அதுவே வியாஸ்காந்தின் முதல் சர்வதேசப் போட்டி. இலங்கை 8 ஓட்டங்களால் தோற்றது. 2024 ரி20 உலகக் கிண்ணத்துக்கும் அணியோடு பயணித்த மேலதிக வீரர்களில் ஒருவராக அவர் பெயரிடப்பட்டார்.

ஐ.பி.எல். போட்டிக்குத் தொலைபேசி எடுத்த என் நண்பன் 2009இன் பின் இலங்கை அணியின் ஒரு போட்டியைக்கூடப் பார்த்ததில்லை. அவனது தம்பி இறுதிப் போரில் காணாமற்போனவர். அந்த ஒக்டோபர் நாளில் அவன் எடுத்து, "விளையாட்டு முடிஞ்சுதோ?" என்று கேட்டான். "பார்க்கேல்லையோ?" என்றேன். "இல்லை. அந்த உடுப்பைப் பார்க்க ஏலாது மச்சான்" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெடியன் எப்பிடிப் போட்டவன்?" என்று கேட்டான்.

இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில்தான் எம்மில் பலர் நிற்கிறோம். வியாஸ்காந்த் சிங்கச் சின்னத்தை அணிவதைத் துரோகம் என்று எழுதுபவர்களையும் கண்டேன். 'பாருங்கள், தமிழனுக்கும் இடம் இருக்கிறது, நல்லிணக்கம் வந்துவிட்டது' என்று அவரது படத்தைத் தூக்கிப் பிடிப்பவர்களையும் கண்டேன். இரண்டு தரப்பும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. ஓர் இளைஞரின் தோளில் ஓர் இனத்தின் கணக்கைச் சுமத்துகின்றன. அவர் விக்கெட் எடுத்தால் நீதி கிடைத்துவிடாது. அவர் விளையாட மறுத்தால் காணாமற்போனவர்கள் திரும்பி வரப்போவதும் இல்லை. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

விளையாட்டு வீரரிடம் நாம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: உன் வேலையை ஒழுங்காகச் செய்கிறாயா? அதை அவர் செய்கிறார்.

அடுத்தவர் வருவாரா?

ஒருவர் தப்பி மேலே வருவது பாதை திறந்ததற்கு அடையாளம் அல்ல. வடக்கைத் தளமாகக் கொண்ட முதல்தரக் கழகம் இன்னும் இல்லை. 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகமும் கொழும்பில்தான் இருக்கிறது. 1982இல் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டி நடந்ததும், முரளிதரன் கழகப் போட்டிகளில் விளையாடி வளர்ந்ததும் அந்தக் கழகத்தின் மைதானத்தில்தான். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள ஒரு பிள்ளை மேலே போக வேண்டுமானால் கொழும்பில் அறை எடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் காலணிக்கும் பணம் வேண்டும். சிங்களம் தெரிய வேண்டும். தந்தையை இழந்த, காணி இன்னும் திரும்பக் கிடைக்காத குடும்பங்களுக்கு இது எட்டாத கணக்கு.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். நல்ல செய்திதான். அதேவேளை அந்தத் தீவின் கடனீரேரியும் கண்டற்காடும் பாதிக்கப்படும் என்று சூழலியலாளர்கள் கேட்பதற்கும் பதில் வேண்டும். 1990 ஓகஸ்டில் மண்டைதீவிலும் அயல் ஊர்களிலும் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனவர்களின் உறவுகள் கேட்பதற்கும் பதில் வேண்டும். மைதானம் கட்டுவதும் உண்மையைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

பெரிய அரங்கு எழும்புவதற்கு முன், குறைந்த செலவில் உடனே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் பாடசாலைப் பிள்ளைகள் பயிற்சி எடுக்க ஒரு புற்றரை ஆடுகளம், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒரு பணியாளர், சம்பளத்தோடு முழுநேரப் பயிற்றுநர்கள், கொழும்பு செல்லும் பிள்ளைக்கு இரண்டு வருடங்களுக்கு ஒரு தங்குமிடம். புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் பெருஞ்சமர் நாளில் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே பாதி வேலை நடக்கும்.

சென்ற மாதம் மாலை நேரத்தில் எங்கள் ஒழுங்கையால் வரும்போது ஐந்தாறு சிறுவர்கள் ரெனிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மணிக்கட்டை மடக்கி மடக்கி லெக் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்தான். பந்து ஒன்று வேலிக்கு மேலால் போய் அடுத்த வளவுக்குள் விழுந்தது. மற்றவர்கள் கத்தினார்கள். அவன் போய் எடுத்து வந்து அடுத்ததையும் அப்படியே போட்டான்.

யாரும் அவனை ஓஃப் ஸ்பின்னுக்கு மாறச் சொல்லவில்லை.